ஜாக் ஓ'கானர்

ஜாக் ஓ'கானர் (ஜனவரி 22, 1902 - ஜனவரி 20, 1978) அமெரிக்க எழுத்தாளர், வேட்டைக்காரர், இதழியல் பேராசிரியர் ஆவார். .270 வின்செஸ்டர் என்னும் தோட்டாவைப் பரவலாக அறியச் செய்தவர்.

வாழ்க்கை

அரிசோனாவில் பிறந்தார். அரிசோனா பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்தார். பின்னர் அவுட்டோர் லைஃப் இதழின் துப்பாக்கிப் பகுதி ஆசிரியராகப் பல்லாண்டுகள் பணியாற்றினார். 1948ல் ஐடஹோ மாநிலத்தின் லூயிஸ்டன் நகரில் குடியேறினார்.

துப்பாக்கி பற்றிய கருத்துகள்

எல்மர் கீத் போன்றோர் பெரிய விட்டமும் மிகுந்த எடையும் கொண்ட குண்டுகளை வலியுறுத்தினர். குண்டு பாயும் இடமே முதன்மையானது என்பது ஓ'கானரின் கருத்து. துப்பாக்கியின் பின்னுதைப்பு கடுமையாயின், சுடுபவர் அதனை அஞ்சி விசையை அழுத்தும்பொழுதே உடலைக் குறுக்கிக் கொள்வார். அதனால் குறி தவறும்; மான் காயத்துடன் தப்பியோடித் துன்புற்று இறக்கும். எப்போதாவது வேட்டைக்குச் செல்பவரிடம் இக்குறை மிகுதி.

1925ல் அறிமுகமான .270 தோட்டா, 130 கிரெய்ன் (ஏறத்தாழ 8.4 கிராம்) எடையுள்ள குண்டை மிகுந்த விரைவுடன் செலுத்தியது. ஆதலால் தொலைவிலும் குண்டின் பாதை அதிகம் தாழவில்லை. அதன் உதைப்பு .30-06 தோட்டாவினதைவிடச் சற்றுக் குறைவு.

இவரின் மனைவி எலினோர், இதனினும் மென்மையான 7×57 மி.மீ. மவுசர் தோட்டாவைக் கொண்டு வட அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் வேட்டையாடித் திறமையானவர் எனப் பெயர்பெற்றார்.

மறைவு

1978ல் கடற்பயணத்தின்போது கப்பலில் காலமானார். லூயிஸ்டனில் இவர் பெயரில் அருங்காட்சியகம் அமைக்கப்பட்டது.