மரம் நோகாமல் பால் எடுத்தவர்

நாம் ஏறி வரும் பேருந்தின் சக்கரத்திலும், மருத்துவர் அணியும் கையுறையிலும் ஒரு மரத்தின் பால் உறைந்திருக்கிறது. அதுவே ரப்பர் மரம். அம்மரத்தைக் கொல்லாமல் ஆண்டுக்கணக்கில் பால் எடுக்கும் வழியை உலகிற்குக் காட்டிய பெருமகனார் ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி ஆவார்.

இவர் 1855-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் கல்வி கற்றார். 1888-இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் தலைவராகப் பொறுப்பேற்றார்.

ரப்பர் மரத்தின் தாயகம் பிரேசில் நாட்டு அமேசான் காடு. 1876-இல் ஹென்றி விக்காம் என்பவர் அங்கிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனுக்குக் கொண்டு வந்தார். ரப்பர் விதையின் உயிர் சில வாரங்களே நிற்கும். ஆகவே, மூவாயிரத்துக்கும் குறைவான விதைகளே முளைத்தன. அவற்றில் பெரும்பாலானவை இலங்கைக்குச் சென்றன. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. ரிட்லி வந்தபோது அவை வளர்ந்த மரங்களாகியிருந்தும் அவற்றின் அருமையை அறிந்தார் இலர்.

அமேசான் காட்டில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தார்கள். வெட்டு ஆழமாக இறங்கிக் கட்டை வரை காயம்படும். பட்டை முண்டு முண்டாக வீங்கும். நாளடைவில் மரம் பயனற்றுப் போகும். ரிட்லி பொறுமையுடன் ஆராய்ந்தார். பால் ஓடும் குழாய்கள் பட்டையில்தான் உள்ளன; பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே புதுப்பட்டையை வளர்க்கும் மெல்லிய படலம் இருக்கிறது. அப்படலத்தைத் தொடாமல், பட்டையைச் சாய்வாக மெல்லிய சீவலாகச் சீவினால் போதும் என்று கண்டார். அடுத்த முறை புதிய இடத்தில் வெட்டாமல், அதே வெட்டின் கீழ் விளிம்பை மேலும் சிறிது சீவினார். என்ன வியப்பு! முதல் வெட்டைவிட அடுத்தடுத்த வெட்டுகளில் பால் மிகுதியாகச் சுரந்தது. சீவிய இடத்தில் புதுப்பட்டையும் வளர்ந்தது. நடுவே ஒரு நேர்கோடும், இருபுறமும் சாய்ந்த கோடுகளுமாக, மீன்முள் போன்ற வடிவில் அவர் மரத்தை வெட்டினார்.

ஆயினும் தோட்ட முதலாளிகள் காப்பிப் பயிரையே நம்பினார்கள். ரிட்லி சட்டைப்பையில் ரப்பர் விதைகளை நிரப்பிக்கொண்டு, கண்டவரிடமெல்லாம் நடும்படி வேண்டினார். அவர்களோ அவருக்குப் பைத்தியக்கார ரிட்லி என்று பட்டம் சூட்டி நகைத்தார்கள். அவர் மனம் தளரவில்லை. 1896-இல் மலாக்காவில் டான் சே யான் என்னும் சீன வணிகர் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். பின்னர் காப்பி விலை வீழ்ந்தது. மோட்டார் வண்டிகள் பெருகின. சக்கரங்களுக்கு ரப்பர் தேவைப்பட்டது. நகைத்தவர்களே விதை கேட்டு வந்தார்கள். 1920-ஆம் ஆண்டளவில் உலக ரப்பரில் ஏறத்தாழப் பாதியை மலாயா விளைவித்தது.

இந்த வெற்றிக்குப் பின்னால் நம் இனத்தவரின் வியர்வையும் உண்டு. பால் அதிகாலைக் குளிர்ச்சியில்தான் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். எனவே தமிழகத்திலிருந்து சென்ற ஆயிரமாயிரம் ஏழைத் தொழிலாளர்கள், ஆணும் பெண்ணுமாக, விடியுமுன் எழுந்து பனியிலும் கொசுக்கடியிலும் மரம் மரமாகப் பால் வெட்டினார்கள். மரத்தின் பட்டையைக் காக்க அத்தனை கவனம் செலுத்திய தோட்டங்கள், அம்மனிதரின் உடல்நலத்தைக் காக்க அதே கவனம் செலுத்தவில்லை. குறைந்த கூலியிலும் மலேரியாக் காய்ச்சலிலும் வாடி மடிந்தோர் பலர். ரிட்லியைப் புகழும்போது பெயர் அறியப்படாத அவர்களையும் நாம் நினைத்தல் வேண்டும்.

ரிட்லி 1907-இல் இலண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினரானார். ஓய்வு பெற்றபின் மலாய்த் தீபகற்பத்தின் தாவரங்களைப் பற்றி ஐந்து பெரிய நூல்தொகுதிகளை எழுதி முடித்தார். நூறு வயதைக் கடந்து, 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் இயற்கை எய்தினார்.

நம் குமரி மாவட்டத்து மலையடிவாரத் தோட்டங்களிலும் இன்று பட்டையைச் சீவியே பால் எடுக்கிறார்கள். ஆத்திரத்தில் கொத்தினால் ஒருநாள் பால். அன்போடு சீவினால் ஆண்டாண்டுக்கும் பால். தோழியரே, மரத்திற்கு மட்டுமன்று, நம்மோடு உழைக்கும் மனிதர்க்கும் இது பொருந்துமன்றோ?