1858-ல் மதுரைக்கு மாட்டுவண்டியில் வந்த கேமரா! - லின்னேயஸ் டிரைப்பின் கதை

புதுசா ஒரு கேமரா வாங்கணும்னு நினைச்சாலே பாதித் தூக்கம் போயிடும். அதுவும் தண்ணிக்குள்ள படம் எடுக்கிற கேமரான்னா, மீதித் தூக்கமும் போயிடும். மிரர்லெஸ்ஸா, சின்ன காம்பாக்ட்டா? வைடு லென்ஸா, மேக்ரோவா? கேமராவை மூடுற ஹவுஸிங், பல நேரம் கேமரா விலையையே தாண்டும். அந்த ஹவுஸிங்கும் பெரும்பாலும் ஒரே ஒரு மாடலுக்குத்தான் பொருந்தும். அடுத்த வருஷம் பாடியை மாத்தினா, ஹவுஸிங்கையும் மாத்தணும். ஆக, நீங்க வாங்குறது ஒரு கேமரா இல்லை, ஒரு மொத்த சிஸ்டம். தப்பான சிஸ்டத்தைத் தேர்ந்தெடுத்தா திரும்பி வர முடியாது.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும்தான்னு நினைச்சுடாதீங்க. 1856-ம் ஆண்டு இங்கிலாந்தின் வேமவுத் கடற்கரையில் வில்லியம் தாம்ஸன் என்பவர், கேமராவை ஒரு பெட்டிக்குள் வைத்துக் கடலில் இறக்கினார். பெட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. ஆனாலும் கண்ணாடித் தகட்டில் மங்கலாக ஒரு படம் விழுந்தது. கடலுக்கு அடியில் எடுக்கப்பட்ட முதல் புகைப்படம் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

அதே 1856-ல், நம்ம ஊர்ப் பக்கம் இன்னொரு இங்கிலாந்துக்காரர் வேற ஒரு குழப்பத்தில் இருந்தார். அவருக்கு எதிரி கடல் தண்ணி இல்லை. நம்ம ஊர் வெயில். அவர் பேர் லின்னேயஸ் டிரைப். மதுரைக்காரங்க யாருமே மறக்கக் கூடாத பேர் இது. ஏன்னு போகப் போகப் புரியும்.

பட்டாளத்துக்காரர் கையில் கேமரா

டிரைப் பிறந்தது 1822 ஏப்ரல் 14-ம் தேதி, இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில். கப்பல்களும் கப்பல் பட்டறைகளும் நிறைந்த ஊர் அது. பதினேழு வயது வாக்கில் கிழக்கிந்திய கம்பெனியின் மெட்ராஸ் படையில் சேர்ந்து, இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். பத்து வருஷத்துக்கு மேல் சாதாரணப் பட்டாள வாழ்க்கைதான்.

1850-களின் தொடக்கத்தில் விடுப்பில் ஊருக்குப் போனார். உடம்பு சரியில்லாமல் விடுப்பு நீண்டுகொண்டே போனது. அந்த நேரத்தில்தான் கேமரா அவர் கைக்கு வந்தது. புகைப்படம் என்கிற விஷயமே உலகத்துக்கு அறிமுகமாகி பதினைந்து வருஷம்கூட ஆகவில்லை. 1853-ல் லண்டனில் ஆரம்பித்த புகைப்படச் சங்கத்தில் அந்த வருஷமே உறுப்பினர் ஆனார். 1854-ல் பெங்களூருக்குத் திரும்பியவர், அந்த வருஷக் கடைசியில் ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படம் பிடித்தார். 1855-ல் மெட்ராஸில் நடந்த கண்காட்சியில் அந்தப் படங்களுக்குப் பதக்கம் கிடைத்தது.

அடுத்து அதிர்ஷ்டம் வேகமாக வந்தது. அதே வருஷம் பர்மா மன்னரைப் பார்க்க பிரிட்டிஷ் தூதுக்குழு ஒன்று கிளம்பியது. அதன் அதிகாரபூர்வப் புகைப்படக்காரர் டிரைப்தான். மழை, புழுக்கம், நோய் எல்லாத்தையும் தாண்டி எடுத்த படங்களில் 120-ஐத் தேர்ந்தெடுத்து, 50 செட் பிரின்ட் போட்டுக் கொடுத்தார். மெட்ராஸ் அரசு, 1856-ல் அவரைத் தன் சொந்தப் புகைப்படக்காரராக நியமித்தது. தென்னிந்தியக் கோயில்களையும் கோட்டைகளையும் அழிவதற்குள் பதிவு செய்ய வேண்டும். இதுதான் வேலை.

காகிதமா, கண்ணாடியா?

இப்போ அவர் முன்னாடி இருந்த சாய்ஸ்களைப் பாருங்க.

அன்றைக்கு ஃபிலிம் கிடையாது. இரண்டு வழிகள் இருந்தன. முதல் வழி, கண்ணாடி. கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, ஈரம் காய்வதற்குள்ளேயே கழுவியும் முடிக்க வேண்டும். நமக்குப் பத்து நிமிஷம் கிடைச்சாலே பெரிசு. மதுரை வெயிலில் அதுவும் கிடைக்காது. ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்திலேயே ஓர் இருட்டுக் கூடாரம் வேண்டும். தகடு கனம் வேற. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கினால் கதை முடிஞ்சது. ஆனால், படம் கண்ணாடி மாதிரியே துல்லியமாக வரும்.

இரண்டாவது வழி, மெழுகு பூசிய காகிதம். பிரான்ஸின் குஸ்தாவ் லு க்ரே 1851-ல் சொன்ன முறை. காகிதத்தில் மெழுகை ஊறவைத்தால் ஒளி ஊடுருவும். முன்கூட்டியே தயார் பண்ணிச் சில நாள்கள் வைத்திருக்கலாம். படம் எடுத்ததும் அவசரமாகக் கழுவத் தேவையில்லை. மடிக்காமல் அடுக்கினால் ஒரு பெட்டிக்குள் நிறைய எடுத்துப் போகலாம். குறை என்ன? கண்ணாடி அளவுக்குத் துல்லியம் வராது. வெளிச்சம் ரொம்ப நேரம் விழ வேண்டும். நிமிஷக் கணக்கில் கேமரா அசையாமல் நிற்கணும்.

டிரைப் தன்னுடைய பெரிய படங்களுக்குப் பெரும்பாலும் காகிதத்தைத்தான் நம்பினார். கண்ணாடியை ஒதுக்கிவிடவில்லை, இரட்டைப் படமாகப் பார்க்கும் சின்ன ஸ்டீரியோ படங்களுக்கு அது உதவியது. எது உசத்தி என்று அவர் பார்க்கவில்லை. எந்த வேலைக்கு, எந்த வெயிலுக்கு எது தாங்கும் என்று பார்த்தார்.

கேமரா சைஸும் அப்படித்தான். அன்றைக்கு நெகட்டிவைப் பெரிதாக்கி பிரின்ட் போடும் வசதி நடைமுறையில் இல்லை. நெகட்டிவ் என்ன அளவோ, பிரின்ட்டும் அதே அளவு. கோபுரத்துச் சிற்பம் தெளிவாகத் தெரியணும்னா, ஓர் அடிக்கும் மேல் நீளமான நெகட்டிவ் வேண்டும். அதற்கு மரப்பெட்டி அளவில் ஒரு கேமரா வேண்டும். அதைத் தூக்க ஆள் வேண்டும்.

லென்ஸ் விஷயத்திலும் அன்றைக்கு இரண்டு கட்சி. முகம் எடுக்கிற பெட்ஸ்வால் லென்ஸ் வேகமானது. ஆனால் நடுவில் மட்டும்தான் கூர்மை, ஓரமெல்லாம் கலங்கிவிடும். நிலக்காட்சி லென்ஸ் மெதுவானது. ஆனால் அதன் துளையைச் சின்னதாக்கினால் மூலைவரை தெளிவு கிடைக்கும். டிரைப்பின் மதுரைப் படங்களைப் பெரிசாக்கிப் பாருங்க, தூணின் அடியில் இருக்கும் விரிசல்கூடத் தெரியும். வேகத்தை விட்டுக்கொடுத்துத் தெளிவை வாங்கியிருக்கிறார் என்று புரியும். அதற்கு அவர் கொடுத்த விலை, மனிதர்கள். நிமிஷக் கணக்கில் திறந்திருக்கும் லென்ஸ் முன்னால் நடந்து போகிறவர் படத்தில் பதிய மாட்டார். எப்பவும் கூட்டம் மொய்க்கும் நம்ம ஊர், அவர் படங்களில் கிட்டத்தட்ட ஆளே இல்லாத ஊராக நிற்கிறது.

மதுரையில் ஒரு தை மாதம்

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்பினார். வடக்கே சிப்பாய்கள் கிளர்ச்சி இன்னும் அடங்கவில்லை. தெற்கே இவர் மாட்டுவண்டிகளில் கேமரா, காகிதக் கட்டு, ரசாயனப் பெட்டிகளோடு போய்க்கொண்டிருந்தார். சேலம் பக்கம், ஸ்ரீரங்கம், திருச்சி என்று வந்து, 1858 ஜனவரி, பிப்ரவரியில் மதுரை. கத்திரி வெயிலுக்கு முன்னால், வானம் தெளிவாக இருக்கிற மாசங்கள். மதுரைக்கு ரயில் வர இன்னும் பதினேழு வருஷம் பாக்கி.

அவர் எங்கெல்லாம் கேமராவை நிறுத்தினார் தெரியுமா? மீனாட்சியம்மன் கோயில் குளம். புது மண்டபம். பாதியிலேயே நின்றுபோன ராய கோபுரம். வண்டியூர் தெப்பக்குளம். யானைமலை. தமுக்கம். அப்புறம் வைகை. இன்றைக்கு நாம் பைக்கில் கடக்கிற ஏ.வி. பாலம் அப்போது இல்லை. ஆற்றுக்குக் குறுக்கே ஒரு தரைப்பாதைதான். அதை முன்னால் வைத்து, அக்கரையில் நகரம் தெரிகிற மாதிரி எடுத்திருக்கிறார்.

விளக்குத்தூணையும் விடவில்லை. மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து, அகழியை மூடி, ஊரை வெளியே விரியவைத்த கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்த தூண் அது. இன்றைக்கு ஜவுளி வாங்க வருகிறவர்கள் அடையாளம் சொல்லும் இடம்.

ரொம்ப முக்கியம், திருமலை நாயக்கர் மஹால். டிரைப் போனபோது அது பாழடைந்து, சுவர்கள் விரிந்து, செடி முளைத்துக் கிடந்தது. மெட்ராஸ் கவர்னராக நேப்பியர் வந்து பழுதுபார்க்க உத்தரவிட்டது 1866-க்குப் பிறகுதான். பழுதுபார்ப்பதற்கு முந்தைய மஹால் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள, டிரைப்பின் படங்களைத்தான் பார்க்க வேண்டும். அன்றைக்கு அவர் காய்ந்துபோகிற தகடுகளோடு போராடிக்கொண்டிருந்தால், இந்தப் படங்கள் எத்தனை மிஞ்சியிருக்கும்?

வெள்ளை வானமும் நீலத் தண்ணியும்

அன்றைய வெள்ளி உப்புகளுக்கு நீல ஒளி மட்டும்தான் நன்றாகக் கண்ணுக்குத் தெரியும். பச்சை சரியாகப் பதியாது, சிவப்பு சுத்தமாகப் பதியாது. அதனால் வானம் வெள்ளையாக வெளிறிவிடும், மரங்கள் கறுப்புத் திட்டாகிவிடும். டிரைப் என்ன செய்தார்? நெகட்டிவ் மேலேயே தூரிகையால் வண்ணம் தொட்டு மேகங்களை வரைந்தார். இலைகள் மேல் புள்ளி புள்ளியாக வெளிச்சம் சேர்த்தார். நாம் மொபைலில் செய்கிற எடிட்டிங்கை, அவர் காகிதத்தில் கையால் செய்தார்.

தண்ணிக்குள்ள கேமரா கொண்டு போகிறவர்களுக்கும் இதே தலைவலி உண்டு. கடல்நீர் முதலில் சிவப்பை விழுங்கும். சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு மீன் சாம்பல் நிறமாகிவிடும். எவ்வளவு விலை கொடுத்து பாடி வாங்கினாலும் இது மாறாது. கையோடு வெளிச்சம் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் ஃபில்டர். தண்ணீரின் ஊடாகப் பார்க்கும்போது தெளிவும் குறையும். அதனால்தான் அங்கே ஜூம் லென்ஸால் தூரத்தில் இருந்து எடுப்பது வேலைக்கு ஆகாது. வைடு லென்ஸோடு பக்கத்தில் போகணும், இல்லைன்னா மேக்ரோவோடு ரொம்பப் பக்கத்தில் போகணும். மன்னார் வளைகுடாப் பவளத்தை எடுக்க ஆசைப்படுகிறவர், முதலில் கேட்க வேண்டிய கேள்வி எந்த பிராண்டு என்பதில்லை. எதை எடுக்கப் போகிறோம், அந்த இடத்தில் வெளிச்சத்துக்கு என்ன ஆகும் என்பதுதான். டிரைப் கேட்டதும் அதேதான்.

பட்ஜெட் கட்!

மதுரையிலிருந்து புதுக்கோட்டை, பிறகு தஞ்சாவூர். பெரிய கோயிலின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கினார். பனோரமா மோடு இல்லாத காலத்தில்!

பிறகு பிரின்ட் போடும் வேலை. ஆயிரக்கணக்கான தாள்கள், ஒவ்வொன்றும் வெயிலில் காய்ச்சி, கழுவி, தங்க உப்பில் நிறம் ஏற்றி. அவரோடு உள்ளூர் உதவியாளர்கள் வேலை பார்த்தார்கள். அவர்களில் அய்யாசாமி என்பவர் பிற்பாடு மெட்ராஸ் தொழிற்கலைப் பள்ளியில் புகைப்படம் கற்றுக்கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தார். வண்டி ஓட்டியவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள் பேரெல்லாம் எந்த ஆல்பத்திலும் இல்லை.

மதுரைப் படங்கள் 1858-லேயே நான்கு பாகங்களாக வந்தன. ஆனால், கிளர்ச்சிக்குப் பிறகு அரசின் கஜானா காலி. 1859-ல் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், எங்கே செலவைக் குறைக்கலாம் என்று தேடினார். புகைப்படத் துறை அவருக்கு ஆடம்பரமாகத் தெரிந்தது. வேலையை நிறுத்தச் சொன்னார். 1860-க்குள் எல்லாம் முடிந்துபோனது. வேடிக்கை என்னன்னா, புது வருமான வரியை வெளிப்படையாக எதிர்த்ததால், அதே 1860-ல் டிரெவெல்யனின் பதவியும் போனது.

டிரைப்புக்கு அப்போது வயசு 38. அவர் பெரிய அளவில் மறுபடி கேமராவைக் கையில் எடுக்கவில்லை. பட்டாளத்துக்கே திரும்பினார். 1870-களில் ஓய்வு பெற்று, பிறந்த ஊருக்கே போய், 1902 மார்ச் 2-ம் தேதி டெவன்போர்ட்டில் இறந்தார். புகைப்படக்காரராக அவர் வாழ்ந்தது ஆறேழு வருஷம்தான். ரொம்ப காலம் அவரை ஆராய்ச்சியாளர்கள் தவிர யாரும் பெரிதாகப் பேசவில்லை. 2014-15-ல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் என்று மூன்று நகர அருங்காட்சியகங்களில் அவர் படங்களுக்குத் தனிக் கண்காட்சி நடந்தது.

நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியம், லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் இணையதளங்களில் அவர் பேரைப் போட்டுத் தேடுங்க. மொபைலிலேயே வரும். அடுத்த முறை விளக்குத்தூண் பக்கம் போகும்போது அந்தப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர் கேமராவை எந்த இடத்தில் நிறுத்தியிருப்பார் என்று தேடிப் பாருங்க. கொஞ்சம் ஓரமா நின்னு பாருங்க பாஸ், பின்னாடி ஆட்டோ வரும்!