சட்டம் விடுவித்த கடன்

நாணயம் என்னும் சொல் நம் மொழியில் இரு பொருள் தருவது. கையிற் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல்லிற் பிறழாத ஒழுக்கமும் நாணயம். முன்னதைத் தேடுவோர் பலர். அத்தேட்டத்திலே பின்னதை இழவாதார் சிலர். அச்சிலருள் ஒருவராக நான் மதிக்கும் ஹென்றி ஜோன் ஹைன்ஸ் என்னும் அமெரிக்க வணிகரின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றேன். தக்காளிச் சோஸ் போத்தலில் அவர் பெயரைக் கண்டோர் பலர். அப்பெயருக்குரியவரின் வாழ்வை அறிந்தோர் நம்மிடையே மிகுதியாக இலர்.

ஜேர்மனியின் தென்மேற்கே, திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த கால்ஸ்டாட் என்னும் சிற்றூர் அவர் தந்தையார் பிறந்த ஊர். தந்தையார் 1840ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று, பென்சில்வேனியா மாநிலத்துப் பிற்ஸ்பர்க் நகரின் அயலிற் குடியேறிச் செங்கல் அறுக்கும் தொழிலை மேற்கொண்டார். தாயாரும் ஜேர்மனியிலிருந்து வந்தவரே. இவர்களின் மூத்த மகனாக ஹென்றி 1844ஆம் ஆண்டு ஒக்டோபர் 11ஆம் நாள் பிறந்தார். அவர் சிறுவராயிருக்கும்போதே குடும்பம் அலெகேனி ஆற்றங்கரையிலுள்ள ஷார்ப்ஸ்பர்க் என்னும் ஊருக்குப் பெயர்ந்தது. மகன் சமயகுருவாதல் வேண்டும் என்பது பெற்றோரின் விருப்பம். மகனின் நாட்டமோ தாயாரின் காய்கறித் தோட்டத்திற் சென்றது. வீட்டுத் தேவைக்குப் போக எஞ்சியவற்றை முதலிற் கூடையிலும், பின்னர்த் தள்ளுவண்டியிலும், அதன்பின் குதிரைவண்டியிலும் கொண்டுசென்று விற்றார்.

அந்நாட்டார் இறைச்சியோடு கூட்டி உண்ணும் காரமான வேர் ஒன்றுண்டு. ஹோர்ஸ்ராடிஷ் என்பது அதன் பெயர். அதனைத் துருவுவோர்க்குக் கண்ணும் கையும் எரியும். ஆதலால், துருவி வினாகிரியில் இட்டதைப் போத்தலில் வாங்குதல் இல்லத்தரசியர்க்கு வசதியாயிற்று. விற்போர் சிலர் அதனுள் மலிவான டர்னிப் கிழங்கைக் கலந்து, கலப்புத் தோன்றாவண்ணம் நிறமூட்டிய போத்தல்களில் அடைத்தனர். ஹைன்ஸ் தம் சரக்கைத் தெளிந்த கண்ணாடிப் போத்தலில் அடைத்தார். உள்ளிருப்பதை வாங்குவோர் கண்டு வாங்கலாயினர். 1869ஆம் ஆண்டில் நண்பர் ஒருவருடன் கூட்டாக வணிகந் தொடங்கினார். அவ்வாண்டிலேயே சாரா யங் என்னும் நங்கையை மணந்தார்.

வணிகம் விரைந்து வளர்ந்தது; வளர்ச்சியே ஆபத்தாயிற்று. 1873ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் பெரும் பணநெருக்கடி உண்டாகி வங்கிகள் பல மூடப்பட்டன. அந்நெருக்கடி நீங்குமுன்னரே, 1875இல், இலினோய் மாநிலத்துக் கமக்காரரிடம் அவர்தம் நிலங்களில் விளையும் வெள்ளரிக்காய் முழுவதையும் குறித்த விலைக்குக் கொள்வதாக ஹைன்சின் நிறுவனம் உடன்பட்டிருந்தது. அவ்வாண்டு விளைச்சல் எதிர்பார்த்ததினும் பன்மடங்காயிற்று. வண்டி வண்டியாக வந்த காய்க்கு விலை கொடுக்கப் பணம் இல்லை. கடன் கொடுப்பாரும் இல்லை. கமக்காரர்க்கு நல்விளைவாய் வந்தது வணிகர்க்கு அழிவாய் முடிந்தது. ஆண்டிறுதியில் நிறுவனம் வங்குரோத்தாயிற்று. அவ்வீட்டில் அவ்வாண்டு நத்தார்ப் பண்டிகை பரிசுகளின்றிக் கழிந்தது. நேற்றுவரை கைகுலுக்கியோர் இன்று காணாதார்போல ஒதுங்கினர்.

வங்குரோத்தானவரைப் பழங்கடனிலிருந்து சட்டம் விடுவித்தது. அவரை எவரும் நீதிமன்றுக்கு இழுத்தல் இயலாது. ஆயினும் ஹைன்ஸ் ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தை எடுத்து, அதன்மேல் அறக்கடன் என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்கள் இரண்டைப் பொறித்து, தாம் கொடுக்க வேண்டியவர்களின் பெயரையும் தொகையையும் அதில் வரிசைப்படுத்தினார். 1876இல் தம்பி ஜோன், ஒன்றுவிட்ட சகோதரர் பிரெடெரிக் ஆகிய இருவர் பெயராலும் புதிய நிறுவனம் எழுந்தது. ஹென்றி அதிற் சம்பளம் பெறும் முகாமையாளராக இருந்தார். தக்காளிச் சோஸ் அவ்வாண்டிலேயே விற்பனைக்கு வந்தது. வருவாய் பெருகப் பெருகப் புத்தகத்திலுள்ள பெயர்களுக்குரிய கடன் ஒவ்வொன்றாகத் தீர்ந்தது. 1888இல் நிறுவனம் அவர்தம் பெயரையே தாங்கலாயிற்று.

பிற்காலத்து வரலாறு பலரும் அறிந்தது. 1896இல் நியூயோர்க் நகரிற் புகைவண்டியிற் செல்லும்போது, சப்பாத்து வகைகளின் எண்ணிக்கையைக் கூறும் விளம்பரமொன்றைக் கண்டு, தம் பண்டங்கள் 57 வகை என்று விளம்பரப்படுத்தினார். அப்போதே அவரிடம் 60க்கு மேற்பட்ட வகைகள் இருந்தன. உள்ளதைக் கூட்டிச் சொல்லும் உலகிற் குறைத்துச் சொன்ன விளம்பரம் இது! 1892இல் பிற்ஸ்பர்க் நகரின் அயலிலுள்ள ஹோம்ஸ்ரெட் உருக்காலையில் முதலாளிக்கும் தொழிலாளர்க்கும் மூண்ட பிணக்கு உயிர்ச்சேதத்தில் முடிந்தது. ஹைன்சின் தொழிற்சாலையிலோ தொழிலாளர்க்கு உணவுக்கூடமும், நீந்துதற்குத் தடாகமும், மாடித் தோட்டமும் அமைந்தன. உணவுக் கலப்படத்தைத் தடுக்கும் சட்டம் 1906இல் நிறைவேறியபோது, உற்பத்தியாளர் பலர் எதிர்க்கவும் அவர் அதனை ஆதரித்தார்.

தூய சரக்கு விற்றவருக்கு அச்சட்டம் இலாபந்தானே என ஒருவர் வினாவலாம். வினா நேரியதே. தெளிந்த போத்தலும் அவருக்கு இலாபமே தந்தது. அறமும் ஆதாயமும் ஒரே வழியிற் செல்லும்போது ஒருவர் எதனைப் பின்தொடர்கின்றார் என்று துணிதல் அரிது. அவை பிரியும் இடத்திலேதான் மனிதர் வெளிப்படுவர். ஹைன்சுக்கு அவ்விடம் 1875ஆம் ஆண்டு. கொடாமலிருக்கச் சட்டம் இடந்தந்தது; கையில் வறுமை இருந்தது. அந்நிலையில் எழுதத் தொடங்கிய அச்சிறு புத்தகத்தையே அவர்தம் பெருமைக்குச் சான்றாக நான் கொள்கின்றேன், ஆலைகளையன்று.

ஞாயிறு பாடசாலைப் பணியில் இறுதிவரை ஈடுபட்டிருந்த அவர் 1919ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் மறைந்தார். அவர் தம் மரணசாசனத்திலே தாயாரின் நினைவாகக் கட்டடம் ஒன்றுக்குப் பொருள் ஒதுக்கியிருந்தார். அவர்தம் பிள்ளைகளும் துணைநிற்க, பிற்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் எழுந்த அவ்வாலயம் 1938இல் திறக்கப்பெற்றது. காய்கறிக் கூடையை முதன்முதல் மகன் கையிற் கொடுத்த அன்னைக்கு அம்மகன் செலுத்திய கடன் அது. அக்கடனும் எந்தச் சட்டமும் கேளாதது.