சொல்லுக்குச் சான்று தேடிய செம்மல்: பேராசிரியர் ச. வையாபுரிப்பிள்ளை

கல்லூரி விழா மலரில் ஒரு பெரியாரின் வரலாற்றை வரைபவர்கள், அவர் நம் ஊரினர் என்றோ, நம் கல்லூரிக்கு உதவியவர் என்றோ உறவு காட்டித் தொடங்குதல் மரபு. யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பெரியார் கடலுக்கு அப்பால் திருநெல்வேலிச் சீமையிற் பிறந்தவர். எனினும் அவரும் ஓர் இந்துக் கல்லூரியின் பழைய மாணவர். அதனினும் பெரிய உறவு ஒன்றும் உண்டு. மொழியை ஆராய்பவன் முதலில் அம்மொழியின் சொற்களைத் தேடித் தொகுத்து, எண்ணி, ஒப்பிட்டு, அதன் பின்னரே முடிவு கூறல் வேண்டும் என்னும் நெறியைத் தம் வாழ்க்கையால் நிலைநாட்டியவர் அவர். ராகலையிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வழங்கும் தமிழைப் பேசி வளர்ந்த நமக்கு, அந்நெறி இன்று மிகவும் வேண்டப்படுவதாகும்.

சரவணப்பெருமாள், பாப்பம்மாள் என்பார்க்கு மகனாக 1891ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள், சிக்கநரசய்யன் கிராமம் என்னும் சிற்றூரில் வையாபுரிப்பிள்ளை பிறந்தார். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் பள்ளியிலும், திருநெல்வேலி இந்துக் கல்லூரியிலும், பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். பி. ஏ. தேர்வில் தமிழ்ப் பாடத்தில் மாகாணத்திலேயே முதல்வராகத் தேறிச் சேதுபதி தங்கப் பதக்கம் பெற்றார். ஆயினும் தமிழ் அவருக்கு உடனே சோறிடவில்லை. அக்காலத்து இளைஞர் பலரையும் போல அவர் சட்டம் பயின்று, திருவனந்தபுரத்தில் ஏறத்தாழ ஏழாண்டும், பின்னர்த் திருநெல்வேலியில் மூன்றாண்டும் வழக்கறிஞராக விளங்கினார்.

இவ் வழக்கறிஞர் வாழ்வு வீணாயிற்று என்று எண்ணுதல் பொருந்தாது. வழக்கு மன்றத்தில் ஒருவர் உரத்துப் பேசுவதால் மட்டும் உண்மை நிலைபெறுவதில்லை. ஆவணம் வேண்டும், நாள் வேண்டும், சாட்சி வேண்டும். எதிர்வழக்காடுவோர் அச் சான்றினைப் புரட்டிப் பார்க்கவும் இடம் வேண்டும். பிற்காலத்தில் இவர் தமிழ் நூல்களை ஆராய்ந்த முறையிலும் இப் பழக்கமே மேலோங்கி நின்றதை அவர்தம் நூல்களைக் கற்போர் எளிதில் உணர்வர். திருவனந்தபுரத்தில் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் நட்பும், நெல்லையில் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரின் நட்பும் இவருக்கு வாய்த்தன. 1922இல் மனோன்மணீயத்தைப் பதிப்பித்தார்.

இனி, இவர் வாழ்வின் பெரும்பணியாகிய தமிழ்ப் பேரகராதியின் வரலாற்றைச் சிறிது கூறல் வேண்டும். அதன் வேர் நம் இலங்கையிலும் ஊன்றியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. யாழ்ப்பாணத்தில் 1842இல் மானிப்பாய் அகராதி வெளிவந்தது. அங்கே பாதிரிமாரும் பண்டிதர்களும் சேர்ந்து தொடங்கிய சொற்றொகுப்பே வளர்ந்து, 1862இல் வின்சுலோ பாதிரியாரின் அகராதியாகச் சென்னையில் அச்சேறியது. அதிலுள்ள சொற்கள் 67,452. இதனைத் திருத்தி விரிவாக்க வேண்டும் என்னும் எண்ணமே 1913ஆம் ஆண்டு சாண்ட்லர் பாதிரியாரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு புதிய பேரகராதிப் பணி தொடங்கக் காரணமாயிற்று. ஐந்தாண்டில் முடியும் என்றும், ஓரிலட்சம் ரூபா போதும் என்றும் முதலில் கணக்கிட்டனர். ஆண்டுகள் கழிந்தன. பொறுப்பாளர் மாறினர். முதற் பகுதியே 1924இல்தான் வெளிவந்தது.

இந் நிலையில், 1926ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், வையாபுரிப்பிள்ளை வழக்கறிஞர் தொழிலை விடுத்துப் பேரகராதியின் பதிப்பாசிரியரானார். வயது அப்போது முப்பத்தைந்து. முன்னரே அப் பணியில் தலைமைப் பண்டிதராக அமர்ந்திருந்த மு. இராகவையங்கார் முதலிய புலவர்கள் உடனிருந்து உழைத்தனர். பத்தாண்டுக்குள், 1936இல், ஆறு தொகுதிகளும் நிறைவெய்தின. அவற்றுள் அமைந்த சொற்கள் 1,04,405. விடுபட்டவற்றைத் தொகுத்த அநுபந்தம் 1939இல் வெளிவந்தது. அதன் சொற்கள் 13,357. அரசினர் இவருக்கு ராவ் சாகிப் பட்டம் வழங்கிச் சிறப்பித்தனர்.

இன்றைய மாணவர் இந்த எண்களைக் கண்டு வியப்பதோடு நின்றுவிடலாகாது. கணிப்பொறி இல்லாத காலத்தில் இவ்வளவு சொற்களும் எங்ஙனம் ஒழுங்குபட்டன என்று வினவுதல் வேண்டும். ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டு. அச் சீட்டில் சொல், அதன் பொருள், அது பயின்ற நூலிடம், அது பேச்சு வழக்காயின் எந்த நாட்டு வழக்கு என்னும் குறிப்பு. இச் சீட்டுக்களை அகர வரிசையில் அடுக்கி, ஒரு சொல்லின் பல பொருள்களைப் பிரித்து, எது முன், எது பின் என்று துணிந்து, பிறகே அச்சுக்குக் கொடுத்தல் வேண்டும். ஆங்கிலத்தில் ஆக்ஸ்போர்டுப் பேரகராதியும் இவ்வாறு சீட்டுக்களின் துணைகொண்டே 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. இன்று மொழியியலார் பெருந்தொகையான உரைகளைக் கணிப்பொறியில் ஏற்றி, ஒரு சொல் எத்தனை முறை, எவ்விடத்தில், எச் சொற்களோடு வருகின்றது என்று நொடியில் எண்ணிவிடுகின்றனர். விரைவு மாறிற்றேயன்றி, வேலையின் உயிர் மாறவில்லை. சீட்டு எழுதியவனும் கணிப்பொறியை இயக்குபவனும் கேட்பது ஒரே கேள்விதான்: இதற்குச் சான்று யாது?

சொல்லைத் தேடும் ஆர்வத்தால் இவர் ஏட்டுச் சுவடிகளிற் கிடந்த பழைய நிகண்டுகளையும் வெளிக்கொணர்ந்தார். நாமதீப நிகண்டு 1930இலும், அரும்பொருள் விளக்க நிகண்டு 1931இலும் இவர் பதிப்பாக வந்தன. 1936 முதல் 1946 வரை சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறையில் தலைமை தாங்கினார். சைவ சித்தாந்த மகா சமாஜத்தின் சார்பில் 1940இல் வெளிவந்த சங்க இலக்கியப் பதிப்பு இவர் புகழை நிலைநிறுத்தியது. எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் ஒருங்கே அமைந்த அப் பதிப்பில், பாடல்கள் புலவர் பெயர் வரிசையில் அடுக்கப்பெற்றன. ஒரு புலவர் பாடியவை அனைத்தையும் ஓரிடத்தில் வைத்து நோக்கினால், அவர்தம் சொல்வழக்கு, அவர் அறிந்த அரசர், அவர் வாழ்ந்த காலம் ஆகியன தாமே பேசத் தொடங்கும். தரவுகளை அடுக்கும் முறையை மாற்றினாலே புதிய உண்மை புலப்படும் என்பதை இவர் அன்றே கண்டிருந்தார்.

இங்ஙனம் கண்ட உண்மைகளை வெளியிட்டபோதுதான் இவருக்குப் பெரும் எதிர்ப்பு எழுந்தது. பழைய நூல்களின் காலத்தைப் புகழ்ச்சியால் அளக்காமல், அவற்றில் வரும் சொல்லாலும் இலக்கண வடிவாலும் அளந்தார் இவர். யான் என்பது முந்தியது, நான் என்பது பிந்தியது. உயர்திணைப் பெயரோடு கள் விகுதி சேர்தல் பழம் பாட்டுக்களில் அருகியது, பின்னர்ப் பெருகியது. இத்தகைய அடையாளங்களையும், வடசொற் கலப்பினையும் கணக்கிட்டு, தொல்காப்பியத்தைக் கி. பி. ஐந்தாம் நூற்றாண்டை ஒட்டியும், திருக்குறளைக் கி. பி. 600ஐ ஒட்டியும், சிலப்பதிகாரத்தை அதற்கும் பின்னரும் வைத்தார். தமிழின் தொன்மையைத் தாழ்த்தியவர் என்று பலர் இவரைக் கடிந்தனர். பேரகராதி பல தமிழ்ச் சொற்களை வடசொல்லெனக் காட்டிவிட்டது என்று தேவநேயப் பாவாணர் கடுமையாக மறுத்தெழுதினார்.

இவ் வழக்கில் யாம் எப் பக்கம் நிற்பது? இவர் கூறிய காலவரையறைகள் பல இன்று அறிஞர்களால் அப்படியே ஏற்கப்படவில்லை. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுக்களைப் பற்றிய அறிவு இவர் காலத்துக்குப் பின் மிக வளர்ந்துவிட்டது. 2006இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையிற் கிடைத்த எழுத்துப் பொறித்த நடுகற்கள் போன்றவற்றை இவர் கண்டாரில்லை. ஒரு நூலில் ஒரு வடிவம் அருகி வருவதற்குக் காலம் மட்டுமன்றி, பொருளும் யாப்பும் வட்டாரமும் காரணமாகலாம் என்பதும் இப்போது தெளிவு. எனினும் இவருடைய பெருமை இதனாற் குறையாது. இவர் தம் முடிவை மட்டும் கூறிச் செல்லாமல், அம் முடிவுக்கு ஏதுவாகிய சொற்களையும் உடன் வைத்தார். ஆதலின் மறுப்போர்க்கும் அவரே கருவி தந்தவரானார். வெறும் கூற்றைக் கூற்றால் எதிர்த்தால் சச்சரவே மிஞ்சும்; சான்றைச் சான்றால் எதிர்த்தால் அறிவு வளரும். தமிழ்நாட்டரசு 1974இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தைத் தொடங்கிப் பாவாணரையே அதற்கு இயக்குநராக்கியமை, இச் சொற்போரினின்றும் விளைந்த நற்பயன்களுள் ஒன்றெனலாம்.

1951 முதல் மூன்றாண்டு திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய பின், 1956ஆம் ஆண்டு பெப்ரவரி 17ஆம் நாள் இவர் மறைந்தார். தமிழ் மொழி இலக்கிய வரலாறு பற்றி இவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் அவ்வாண்டே வெளிவந்தது. அரிதின் முயன்று சேர்த்த நூல்களும் சுவடிகளும் கல்கத்தாவிலுள்ள தேசிய நூலகத்தைச் சேர்ந்தன. பேரகராதி முழுவதும் இன்று கணிப்பொறியில் ஏறி, உலகின் எம் மூலையிலிருந்தும் எவரும் தேடிப் பார்க்கும் நிலையில் உள்ளது.

அங்ஙனம் தேடிப் பார்க்கும் நம் மாணவர் ஒன்றை நோக்குவாராக. பேரகராதியில் யாழ்ப்பாண வழக்குக்குத் தனிக் குறி உண்டு. திருநெல்வேலி வழக்குக்கும் நாஞ்சில்நாட்டு வழக்குக்கும் உண்டு. நம் மலைநாட்டு வழக்குக்கு அத்தகைய குறி இல்லை. தேயிலைத் தோட்டங்களில் நூறாண்டுக்கு மேலாக வாழ்ந்து உழைத்த மக்களின் சொற்களை அங்கு அனுப்பி வைப்பார் இலர் போலும். தவறணை என்றால் யாழ்ப்பாணத்தார்க்குக் கள் விற்கும் இடம்; நமக்கோ தேயிலைக் கன்று வளர்க்கும் நாற்றுமேடை. துண்டு என்பது பிறர்க்குத் தோளில் இடும் துணி. நம் முன்னோர்க்கு அது, ஒரு தோட்டத்தினின்றும் மற்றொன்றுக்குச் செல்வதற்கு அவர்தம் கடனைக் குறித்துக் கொடுத்த சீட்டு. 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட அம் முறையின் துயரம் முழுதும் அவ் வொரு சொல்லில் அடங்கியுள்ளது. பெரட்டு, காம்பிரா, அரைப்பேர், கொழுந்து நிறுவை என்பனவும் இத்தகையன. முதியோர் மறையுந்தோறும் இவற்றுட் பல அவர்களோடு மறைகின்றன.

தோட்ட மக்களின் பாடல்களைத் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை நமக்கு ஒரு வழி காட்டினார். 1992இல் முதலில் வந்த கிரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் இலங்கைத் தமிழ்ச் சொற்களுக்கும் இடம் தந்தது. எஞ்சிய வேலை நம்முடையது. ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் தோட்ட உத்தியோகத்தராகவும் பரந்து வாழும் பழைய மாணவர் ஒவ்வொருவரும், தம் பாட்டன் பாட்டியர் வாய்ச்சொல் ஒன்றைக் கேட்டவாறே எழுதி, பொருள், ஊர், கேட்ட நாள் என்னும் மூன்றையும் உடன் குறித்து வைப்பாராயின், சில ஆண்டுகளில் ஒரு மலைநாட்டுச் சொற்றொகுதி உருவாகும். அழகான சொல்லை மட்டும் தேர்தலும், நமக்குப் பிடித்த பொருளை ஏற்றுதலும் கூடா. உள்ளதை உள்ளவாறு எழுதுக. அதனைக் கொண்டு முடிவு கூறுவோர் பின்னர் வருவர். நம்மைத் திருத்துவோரும் வருவர். அங்ஙனம் திருத்துவதற்கு இடம் வைத்து உழைப்பதே வையாபுரிப்பிள்ளை என்னும் பெருந்தகைக்கு யாம் செய்யத்தக்க கைம்மாறாகும்.