போய் வந்த ஆழிக்குமரன்

ஒருவர் தாம் கொண்ட எண்ணத்தில் பிடிவாதமாக இருந்தால் அவர் ஒற்றைக்காலில் நிற்கிறார் என்று கூறுவது தமிழ் வழக்கு. பேசிவந்த கல்யாணத்துக்கு மறுக்கும் பிள்ளையும், காணி எல்லையில் ஓர் அங்குலமும் விட்டுக்கொடாத அயலவரும் நமது ஊர்களில் காலங்காலமாக ஒற்றைக்காலில்தான் நின்று வருகிறார்கள். ஆனால், அவர்களில் எவரும் உண்மையிலேயே ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றதாக வரலாறு இல்லை. அந்த வழக்கை எழுத்துக்கு எழுத்து மெய்ப்பித்தவர் ஒருவர் இருந்தார். அவர் 33 மணி நேரம் ஒரு காலில் நின்றார். அது கின்னஸ் புத்தகத்திலும் பதிவாயிற்று. அவர் ஒரு சட்டத்தரணி. பிறருக்காக நீதிமன்றத்தில் நிற்பது தொழில் என்றால், ஒற்றைக்காலில் நிற்பதை அவர் தமக்காக வைத்துக்கொண்டார்.

வல்வெட்டித்துறையைச் சேர்ந்த விவேகானந்தன் செல்வகுமார் ஆனந்தன்தான் அவர். நாடு அவரைக் குமார் ஆனந்தன் என்று அறிந்தது. தமிழ் மக்கள் அவரை ஆழிக்குமரன் என்று அழைத்தனர். 1943 மே 25 ஆம் திகதி பிறந்து, 1984 ஒகஸ்ட் 6 ஆம் திகதி, தமது 41 ஆவது வயதில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் உயிர் நீத்தவர். அவர் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அவருடைய பெயரைக் கேள்விப்படாத ஒரு தலைமுறை நம்மிடையே வளர்ந்துவிட்ட நிலையில், அவரை மீண்டும் நினைவுகூர வேண்டியிருக்கிறது.

வல்வெட்டித்துறை என்றதும் வெளியுலகத்தின் நினைவுக்கு வருவது போர். ஆனால் போருக்கு முன்னரே அந்தச் சிற்றூருக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அது பாய்க்கப்பல்களின் ஊர். மரம் அறுத்து, பலகை பொருத்தி, பாய் தைத்து, தாமே கட்டிய கலங்களில் தாமே மாலுமிகளாகப் போன மக்களின் ஊர். அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி அம்மாள் என்ற பாய்க்கப்பல் 1937 இல் புறப்பட்டு, 1938 இல் அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. வல்வை மாலுமிகளே அதைச் செலுத்திச் சென்றார்கள். இத்தகைய ஊரில் கடல் என்பது ஓர் எல்லையன்று. வீட்டு முற்றத்தின் நீட்சி.

1954 இல் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி வல்வெட்டித்துறைக் கடற்கரையில் இறங்கி, தமிழ்நாட்டின் கோடிக்கரைவரை நீந்திச் சென்றார். பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த முதல் மனிதர் என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது. அந்த ஆண்டில் ஆனந்தன் பத்து வயதுச் சிறுவன். தனது ஊர்க் கரையிலிருந்து ஒருவர் கப்பலும் இல்லாமல் வள்ளமும் இல்லாமல் அக்கரைக்குப் போய்விட்டார் என்பதைக் கேட்கும் ஒரு சிறுவனின் மனதில் என்ன எழுந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. முன்னவர் போய்ச் சேர்ந்தார். நான் போய்த் திரும்பி வருவேன் என்பதுதான் பின்னாளில் அவருடைய வாழ்க்கை தந்த விடை.

1971 இல் ஆனந்தன் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திச் சென்று, அங்கிருந்து மீண்டும் தலைமன்னாருக்கு நீந்தி வந்தார். போகவும் வரவுமாக ஏறத்தாழ 60 கிலோ மீற்றர். எடுத்துக்கொண்ட நேரம் 51 மணித்தியாலங்கள். அதாவது, இரண்டு முழு நாட்களும் அதற்கு மேல் மூன்று மணித்தியாலங்களும். இவ்வளவு நீண்ட நீச்சலில் உப்பு நீரால் நாக்கும் தொண்டையும் தடித்துப் போகும். சொறிமீன்கள் உடலைச் சுணைக்கச் செய்யும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தூக்கம் கண்ணைச் சுழற்றும். நிலத்தில் தூங்கி வழிபவர் தலையைத் தூணில் சாய்த்துக்கொள்ளலாம். நடுக்கடலில் தூண் ஏது?

அவர் அடைந்த தனுஷ்கோடியும் அந்நாளில் பழைய தனுஷ்கோடியாக இருக்கவில்லை. ஒரு காலத்தில் ரயிலில் வந்திறங்கிக் கப்பல் ஏறித் தலைமன்னாருக்கு வரும் பயணிகளால் நிறைந்திருந்த அந்தத் துறை, 1964 டிசெம்பர் புயலில் அழிந்து போயிற்று. ரயில் நிலையத்தின் இடிபாடுகளும் மணல்மேடுகளும் எஞ்சியிருந்த கரையைத் தொட்டுவிட்டுத்தான் ஆனந்தன் திரும்பினார். கப்பல் நின்றுபோன வழியில் ஒரு மனிதர் போய் வந்தார் என்பதை நினைக்கும்போது அந்த நீச்சலுக்கு வேறோர் அர்த்தம் புலப்படுகிறது.

இன்னொன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1971 இல் பாக்கு நீரிணையில் இரு நாடுகளுக்கும் இடையே உடன்படிக்கையால் வரையப்பட்ட கடல் எல்லை இருக்கவில்லை. இந்தியாவும் இலங்கையும் 1974 இல்தான் அங்கே கோடு கிழித்தன. 1976 இல் அந்தக் கோடு மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் நீண்டது. ஆகவே, ஆனந்தன் நீந்தியது கோடு இல்லாத கடலில். கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் முஸ்லிம் வணிகர்கள் மரக்கலங்களில் வந்து போன கடல் அது. முஸ்லிம்களும் பரதவரும் ஒரே பருவத்தில் மூழ்கி முத்தெடுத்த மன்னார்க் கடலின் பக்கத்துக் கடல் அது. மதத்தையோ கடவுச்சீட்டையோ கேட்டு அந்தக் கடல் எவரையும் தாங்கியதில்லை.

ஆனந்தனின் மற்றச் சாதனைகளைப் பார்த்தால் வியப்பதா சிரிப்பதா என்று தெரியாது. 1979 மே மாதத்தில் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றி 187 மணி 28 நிமிடங்கள் இடைவிடாது சைக்கிள் ஓட்டினார். ஏறக்குறைய எட்டு நாட்கள்! நமது பிள்ளைகள் எட்டு நாட்கள் சைக்கிள் ஓட்டினால் எங்காவது போய்ச் சேர்ந்திருப்பார்கள். அவரோ புறப்பட்ட பூங்காவிலேயே இருந்தார். குத்துப்பந்தை 136 மணித்தியாலங்கள் தொடர்ந்து குத்தினார். 1981 மே மாதத்தில் சென்னை அண்ணா நீச்சல் குளத்தில் தரையையோ சுவரையோ தொடாமல், நின்ற நிலையில் 80 மணித்தியாலங்கள் மிதந்தார். இப்படி ஏழு உலக சாதனைகளுக்கு உரியவராக அவர் அறியப்பட்டார்.

இவற்றையெல்லாம் பதிவுசெய்த கின்னஸ் புத்தகத்தின் பிறப்பும் ஒரு வேடிக்கையான கதைதான். 1951 இல் அயர்லாந்தில் வேட்டைக்குச் சென்ற ஒரு மதுபான நிறுவனத்தின் நிர்வாகி, எந்தப் பறவை மிக வேகமாகப் பறக்கும் என்ற வாதத்துக்கு விடை காணாமல் திண்டாடினார். மதுச்சாலைகளில் எழும் இத்தகைய வாதங்களைத் தீர்த்துவைக்கவென்று 1955 இல் முதல் பதிப்பு வெளிவந்தது. ஒரு சொட்டு மதுவின் வாடையும் படாத நமது வீடுகளிலும் அந்தப் புத்தகம் இடம்பிடித்தமைக்கு ஆனந்தன் போன்றவர்களும் ஒரு காரணம். பாடசாலை நூலகங்களில் மாணவர்கள் அதைப் புரட்டி, அந்நியப் பெயர்களின் நடுவே ஒரு வல்வைப் பெயரைத் தேடிக் கண்டுபிடித்த காலம் ஒன்று இருந்தது.

ஒற்றைக்காலில் நிற்பதால் நாட்டுக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருப்பார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்குப் பின்னர் நடந்ததைப் பாருங்கள். 1982 ஏப்ரலில் தமிழ்நாட்டின் சத்தியமங்கலத்தில் என். ரவி என்பவர் 34 மணி நேரம் ஒற்றைக்காலில் நின்றார். ஆனந்தனைவிடச் சரியாக ஒரு மணி நேரம் அதிகம். 1997 இல் இலங்கைத் தமிழரான சுரேஷ் யோக்கிம் 76 மணி 40 நிமிடங்கள் நின்றார். அவர் நின்ற இடம் ஆனந்தன் சைக்கிள் ஓட்டிய அதே விகாரமகாதேவி பூங்கா. நீரில் நின்று மிதந்த சாதனையை மோல்ற்றா நாட்டின் அல்பேர்ட் ரிசோ 1983 இல் முறியடித்தார். சாதனை என்பது பூட்டி வைக்கும் நகையன்று. அது அடுத்தவருக்கு விடுக்கும் அழைப்பு. முறியடிக்கப்படும்போதுதான் அது தன் வேலையைச் செய்து முடிக்கிறது.

ஆனால், அந்த ஆண்டுகள் விளையாட்டுக்கு இசைவான ஆண்டுகளாக இருக்கவில்லை. சென்னையில் அவர் மிதந்து முடித்த அதே மே மாதத்தின் கடைசி இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீயிடப்பட்டது. 1983 ஜூலையில், அவர் சைக்கிள் ஓட்டிய அதே கொழும்பில் தமிழர்கள் வேட்டையாடப்பட்டார்கள். அடுத்த ஆண்டு அவர் இங்கிலாந்தின் கரையில் இறங்கியபோது நாடு போருக்குள் ஆழமாகச் சென்றுகொண்டிருந்தது.

ஆங்கிலக் கால்வாய் பாக்கு நீரிணையைவிட மிக அகலமானதன்று. மிகக் குறுகிய இடத்தில் அது 33 கிலோ மீற்றர் அளவில்தான் இருக்கும். ஆயினும் கோடையிலும் அதன் நீர் 18 பாகை செல்சியஸை அண்டியே இருக்கும். இளஞ்சூடான நீரில் பழகிய உடலுக்கு அது வேறு உலகம். நீரோட்டம் நீந்துபவரைப் பக்கவாட்டில் இழுத்துச் செல்லும். குளிரைத் தடுக்கும் உடை அணிவதும், துணைப்படகைத் தொடுவதும் கால்வாய் நீச்சல் விதிகளின்படி கூடா. நமது பகுதியிலிருந்து 1958 இல் வங்கத்தின் பிரஜன் தாஸும் மிகிர் சென்னும் அதைக் கடந்திருந்தார்கள். ஆனந்தன் அதே கடலில் இறங்கினார். அந்தக் கடலிலிருந்து அவர் உயிரோடு திரும்பவில்லை.

நமது வீடுகளில் வெளியே புறப்படுபவர் போகிறேன் என்று சொல்வதில்லை. போய் வருகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். தமிழர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் இது ஒன்றுதான். தவறிச் சொன்னால் வாசலிலேயே நிறுத்தித் திருத்திச் சொல்லவைப்பார்கள். கடலோடிகளின் ஊரில் இந்தச் சொல்லுக்குப் பாரம் அதிகம். ஆனந்தனின் 1971 ஆம் ஆண்டு நீச்சல் அந்தச் சொல்லின் முழு உருவம். 1984 ஆம் ஆண்டு நீச்சல் அதன் பாதியில் நின்றுபோன உருவம்.

அவர் மறைந்த பிறகு இந்தக் கடல் திரும்பி வராதவர்களின் கடலாயிற்று. இராமேஸ்வரத்தை நோக்கி இரவோடிரவாகப் படகேறிய தமிழ் அகதிகளில் எத்தனையோ பேர் கரை சேரவில்லை. சேர்ந்தவர்களிலும் பலர் ஊர் திரும்பவில்லை. 1990 ஒக்ரோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு படகுகளில் கற்பிட்டிக்குச் சென்றார்கள். போய் வருகிறோம் என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு அயலவரும் வாய்க்கவில்லை, அவகாசமும் கிடைக்கவில்லை. கடற்றொழிலாளர் பல்லாண்டுகள் தங்கள் கடலிலேயே தடுக்கப்பட்டார்கள். எல்லைக்கோட்டின் பெயரால் மீனவர்கள் இன்றும் துன்பப்படுகிறார்கள். ஒரு மனிதர் ஓய்வின்றி நீந்திப் போய்த் திரும்பிய கடலில் இரு சமூகங்கள் போகவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் தவித்தன. ஆனந்தனை நினைக்கும்போது நாம் இழந்தது எது என்பது அப்போதுதான் தெளிவாகிறது. அது ஒரு நீச்சல் வீரரை மட்டுமன்று. அச்சமின்றிப் போய்வரும் உரிமையையும்தான்.

இன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் அவருடைய பெயரைத் தாங்கிய நீச்சல் தடாகம் ஒன்று இருக்கிறது. கற்சிலைகளைவிட அது பொருத்தமான நினைவுச்சின்னம். சிலைக்கு மாலைதான் போடலாம். தடாகத்தில் பிள்ளைகள் நீந்தலாம். நாற்புறமும் கடல் சூழ்ந்த நாட்டில் நீந்தத் தெரியாத பிள்ளைகள் ஏராளம் என்பதை நினைவில் கொண்டால், வடக்கிலும் கிழக்கிலும் ஒவ்வொரு கடலோர ஊருக்கும், தமிழ்ப் பிள்ளைகளுக்கும் முஸ்லிம் பிள்ளைகளுக்கும், ஆண்களுக்கும் பெண்களுக்கும் அவரவர்க்கு ஏற்ற முறையில் நீச்சல் கற்பிப்பதே அவருக்குச் செய்யும் உரிய மரியாதை.

51 மணித்தியாலம் என்ற அந்த எண் ஐம்பது ஆண்டுகள் நிலைத்தது. 2021 ஏப்ரலில் இலங்கை விமானப்படையைச் சேர்ந்த ரொஷான் அபேசுந்தர தலைமன்னாரில் இறங்கி, தனுஷ்கோடியைத் தொட்டு, 28 மணி 19 நிமிடங்களில் தலைமன்னாருக்குத் திரும்பினார். அந்தச் செய்தியை வெளியிட்ட பத்திரிகைகள் எல்லாம், 1971 இல் அதே வழியில் முதலில் போய் வந்த ஒரு வல்வெட்டித்துறைச் சட்டத்தரணியின் பெயரையும் சேர்த்தே அச்சிட வேண்டியிருந்தது.