டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

வைத்திய ஆராய்ச்சியில் பெயர்பெற்றோர் யாவரென்று யாரேனும் நம்மை வினவினால், பாஸ்டர், கொக், பிளெமிங் என்று மூச்சுவிடாமற் சொல்லிவிடுவோம். நாம் படித்த மிஷன் பாடசாலையிற் பரிசளிப்பு விழாதோறும் காதில் விழுந்த பெயர்கள் அவை. அவர்கள் பெரியவர்களே, அதில் ஐயமில்லை. ஆனால் இராமகிருஷ்ண சங்கத்திற் சேர்ந்து துறவியாக விரும்பி, பின் ஆராய்ச்சிசாலையையே தமது ஆச்சிரமமாகக் கொண்ட சுப்பாராவ் என்பவரை நாம் சர்வகலாசாலைக்குப் போன பின்னரே அறிந்தோம். அதுவும் இரசாயனப் பரிசோதனை ஒன்றின் தலைப்பில், பிஸ்க் என்னும் வெள்ளைக்காரர் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கிடந்த ஒரு சொல்லாகவே அறிந்தோம். அச்சொல்லுக்குரியவர் சென்னையிற் படித்தவர் என்று கேட்டபோது நமக்கு வியப்பும் வெட்கமும் ஒருங்கே உண்டாயின. ஆகவே இம்மலரில் அவர் வரலாற்றை எழுதத் துணிந்தோம்.

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமாவரத்தில் 1895ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12ஆந் திகதி சுப்பாராவ் பிறந்தார். தந்தையார் ஜகந்நாதம் அரசாங்க இறைவரிப் பகுதியில் உத்தியோகம் பார்த்து, நோய் காரணமாக முன்னதாகவே ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் பலர், வருமானமோ சிறிது. பதின்மூன்று வயதளவில் நம் கதாநாயகர் ஒருநாள் வீட்டைவிட்டு ஓடினார். காசிக்குப் போய், யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரராவதே அவருடைய திட்டம்! தாயார் வெங்கம்மா விடவில்லை. பிடித்திழுத்து வந்து மீண்டும் புத்தகத்தின் முன் இருத்தினார்.

புத்தகம் எளிதில் வசப்படவில்லை. மெற்றிக்குலேசன் பரீட்சையில் அவர் இருமுறை தவறினார். மூன்றாம் முறை, சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்தரப் பாடசாலையிலிருந்து தோற்றியே சித்தியெய்தினார். அதற்குள் தந்தையார் இறந்துவிட்டார். தாயார் நகைகளை விற்றுப் படிப்பித்தார். பரீட்சைப் பெறுபேறு வெளிவரும் நாளில் நம் ஊர் வீடுகள் சில இழவு வீடுபோலாவதைக் கண்டிருக்கிறோம். ஆதலால் இச்செய்தியைச் சற்று அழுத்தியே எழுதுகின்றோம்.

பிரசிடென்சிக் கல்லூரியிற் படித்த காலத்தில் அவர் மனம் இராமகிருஷ்ண சங்கத்தின்பாற் சென்றது. துறவு பூண விரும்பினார். தாயார் சம்மதிக்கவில்லை. தாயின் அனுமதியின்றிச் சேர்க்க இயலாதென்ற சங்கத்துப் பெரியோர், வைத்தியம் பயின்று சேவை செய்யும்படி அவருக்கு வழிகாட்டினர். இவ்வாறு அவர் சென்னை வைத்தியக் கல்லூரி புகுந்தார். 1919இல் சேஷகிரி என்னும் பெண்ணை மணந்தார். படிப்புச் செலவில் ஒரு பங்கை மாமனார் ஏற்றார்.

அது காந்தியடிகள் அந்நியத் துணியை விலக்கும்படி நாட்டை அழைத்த காலம். சுப்பாராவ் கதராலான மேலங்கியை அணிந்துகொண்டு சத்திரசிகிச்சைக் கூடத்துக்குச் சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. முடிவில் அவருக்கு எம்.பி. பட்டம் கிட்டவில்லை, தரத்திற் குறைந்த எல்.எம்.எஸ். என்னும் சான்றே கிடைத்தது. அரசாங்க வைத்திய உத்தியோகமும் கிடைக்காமற்போக, சென்னை ஆயுள்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பிக்கும் ஆசிரியரானார்.

இதற்கிடையே அக்குடும்பத்தில் பேரிடி விழுந்தது. நம் நாட்டு வைத்தியர் கிரகணி என்று கூறும் நோயின் கொடிய வகையொன்றை மேனாட்டார் ஸ்புரூ என்பர். உண்ட உணவு உடலிற் சேராது கழிந்து, இரத்தம் வற்றி, மனிதன் எலும்பும் தோலுமாவான். அந்நோய்க்குச் சுப்பாராவின் சகோதரர் இருவர் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்துப் பலியாயினர். அவரையும் அதே நோய் பற்றியது. டாக்டர் ஆசண்ட லக்ஷ்மிபதி என்பார் ஆயுள்வேத மருந்து கொடுத்து அவரைப் பிழைப்பித்தார். தம்மைக் காத்த அந்த மருந்துக்குள் இருந்தது யாது என்ற கேள்வி அவரை விடவில்லை. அக்கேள்வியைச் சுமந்துகொண்டே 1920களின் தொடக்கத்தில் அவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். கர்ப்பவதியான மனைவியைத் தாய்நாட்டில் விட்டுச் சென்றார்.

பொஸ்டன் நகரில் ஹாவார்ட் சர்வகலாசாலையின் உஷ்ணவலய வைத்தியப் பகுதியிற் சேர்ந்தார். கையில் எல்.எம்.எஸ். மட்டுமே இருந்தமையால் வைத்தியராகத் தொழில் செய்ய வழியில்லை. வைத்தியசாலை ஒன்றில் இரவுநேரச் சிற்றூழியராக நின்று, நோயாளரின் மலசல பாத்திரங்களைக் கழுவிச் செலவுக்குப் பணம் தேடினார். ஊரில் பிறந்த ஆண்மகவு ஓராண்டு நிறையுமுன்னே இறந்தது. தந்தை அதன் முகத்தைக் காணவேயில்லை.

பின்னர் சைறஸ் பிஸ்க் என்னும் பேராசிரியரிடம் உயிர் இரசாயனம் பயின்றார். இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பொசுபரசை நீலநிறத்தின் அழுத்தத்தைக் கொண்டு அளக்கும் முறையை இருவரும் 1925இல் வெளியிட்டனர். நாம் ஆய்வுகூடத்திற் கண்டது அம்முறையே. அதனைக் கையாண்டு தசைநாரைச் சோதித்தபோது, பொசுபோகிரியேற்றின் என்னும் பொருள் அதில் இருப்பதை 1927இற் கண்டனர். தசை சுருங்கும்போது இப்பொருள் குறைகிறது. இளைப்பாறும்போது மீண்டும் நிறைகிறது. தசையின் வலுவுக்கு மூலம் இலற்றிக்கமிலமே என்ற கொள்கை அன்று கோலோச்சியது. தசைபற்றிய ஆராய்ச்சிக்கு 1922ஆம் ஆண்டு நொபெல் பரிசும் வழங்கப்பட்டிருந்தது. அக்கொள்கை இக்கண்டுபிடிப்பால் ஆட்டங்கண்டது. 1929இல் உயிர்க்கலங்களின் சத்திநாணயம் எனத்தக்க ஏ.ரி.பி. என்னும் பொருளையும் பிரித்தெடுத்தனர். ஜேர்மனியில் லோமன் என்பாரும் அதே ஆண்டில் தனியாக அதனைக் கண்டார். சுப்பாராவ் 1930இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆயினும் ஹாவார்ட் அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. விளம்பரத்தை நாடாத அவர் இயல்பும் இதற்கு ஒரு காரணமாயிருக்கலாம் என்பது நம் கருத்து.

1940இல் அவர் நியூயோர்க் அருகே பேர்ள் றிவரிலுள்ள லெடர்லி ஆய்வுகூடத்துக்குச் சென்றார்; விரைவில் ஆராய்ச்சிப் பகுதியின் தலைவரானார். அடுத்த எட்டு ஆண்டுகளில் நடந்தவற்றை எண்ணினால் மலைப்புத் தட்டுகிறது.

முதலாவது, போலிக்கமிலம். இதற்கு ஒரு முற்கதை உண்டு. பம்பாயில் இரத்தசோகையால் வருந்திய கர்ப்பிணித் தொழிலாளப் பெண்களை லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மாது ஆராய்ந்து, மதுவத்திலிருந்து செய்யும் மார்மைட் அதைக் குணமாக்குவதை 1931இல் எழுதியிருந்தார். நம் வீடுகளில் நோயாளிக்கு வெந்நீரிற் கரைத்துக் கொடுக்கும் அந்த மார்மைட்தான்! அதற்குள் மறைந்திருந்த பொருளையே சுப்பாராவின் குழுவினர் ஈரலிலிருந்து பிரித்து, 1945இல் செயற்கையாகவும் ஆக்கினர். ஸ்புரூ நோய்க்கு அது மருந்தாயிற்று. சகோதரர் இறந்து கால் நூற்றாண்டு கழிந்தபின் அந்த நோய்க்குரிய மருந்து அண்ணன் தம்பியை இழந்தவர் கையாலேயே வந்தது. இன்று எங்கள் கிராமத்துத் தாய்மார் கிளினிக்கிற் பெறும் சிறு மாத்திரையும் இதுவே.

போலிக்கமிலத்தின் சாயலில் அமைந்து, அதன் தொழிலைத் தடைசெய்யும் போலிப் பொருள்களையும் அவர்கள் ஆக்கினர். பொஸ்டனில் சிட்னி பார்பர் என்ற வைத்தியர் அவற்றுள் ஒன்றான அமினொப்ரெறினை இரத்தப் புற்றுநோய் கண்ட பதினாறு குழந்தைகளுக்குக் கொடுத்தார். பத்துக் குழந்தைகளில் நோய் சிலகாலம் தணிந்ததை 1948இல் அறிவித்தார். அந்நோய்க்கு மருந்தே இல்லையென்றிருந்த காலம் அது. அதே குடும்பத்துப் பொருளான மெதொட்ரெக்சேற் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கப்படுகிறது.

யானைக்கால் நோய்க்கு அவர் பகுதியினர் கண்ட மருந்து ஹெட்ராசான். 1947இல் வெளிவந்த இம்மருந்தை டீ.ஈ.சி. என்ற பெயரில் இலங்கை மக்கள் நன்கறிவர். நம் நாட்டின் தென்மேற்குக் கரையோரத்தைப் பிடித்திருந்த அந்நோய் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இனி இல்லையென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2016இல் அறிவித்தது. ஓறியோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியும் அங்கேயே பிறந்தது. அதனைக் கண்டவர் பெஞ்சமின் டகர். சர்வகலாசாலையிலிருந்து ஓய்வுபெற்று, எழுபது வயது கடந்த தாவரவியலறிஞர். அவருக்கு இடங்கொடுத்து ஆராயச் செய்தவர் சுப்பாராவ். நம் சங்கத்து முதியோர் இதனைக் கவனிப்பாராக.

1948ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஓரிரவு உறங்கியவர் எழுந்திருக்கவில்லை. இருதயம் நின்றுவிட்டது. வயது ஐம்பத்துமூன்று. அமெரிக்கப் பிரசையாக அவர் மாறவில்லை, இந்தியாவுக்குத் திரும்பவுமில்லை. ஒரு பூஞ்சண இனத்துக்குச் சுப்பாரோமைசஸ் என அறிஞர் 1953இல் பெயரிட்டனர். இந்திய அரசாங்கம் நூற்றாண்டையொட்டி 1995இல் தபால் முத்திரை வெளியிட்டது.

இக்கட்டுரையை எழுதுமுன் செல்வச் சந்நிதித் திருவிழாக் காலத்தில், மடத்துத் திண்ணையில் நண்பர் சிலருடன் இவ்வரலாற்றைப் பேசிக்கொண்டிருந்தோம். வெளிநாடு செல்லக் காத்திருந்த இளைஞர் இருவர் அவரைத் தியாகி என்று போற்றினர். அருகே அன்னதானத்துக்கு மரக்கறி நறுக்கிக்கொண்டிருந்த முதிய அம்மையார் ஒருவர், அந்தப் பெண்பிள்ளை சேஷகிரி என்ன ஆனாள் என்று கேட்டார். கணவரை மீண்டும் காணாமலே காலங்கழித்தாள் என்றோம். அம்மையார் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அப்படியானால் தியாகம் செய்தவர் யாரென்று மறுபடி கேட்டார். இளைஞர் இருவரும் ஒன்றும் பேசவில்லை, நாமும் பேசவில்லை. அம்மையார் அடுத்த பூசணிக்காயை எடுத்தார்.