பேய்க்கதைக்கு நாணாத பேனா

கடலூரின் ஒரு பகுதியாகிய திருப்பாதிரிப்புலியூர், கல்லையே தெப்பமாகக் கொண்டு திருநாவுக்கரசர் கரைசேர்ந்த தலமென்று பெரியபுராணத்தால் அறியப்படுவது. அவ்வூரில் 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் பிறந்த ஆண்மகவுக்கு அமைந்த பெயர், இதே மாவட்டத்துச் சிவத்தலம் ஒன்றன் பெயர். சொ. விருத்தாசலம் என்னும் அப்பெயரைப் பள்ளி, கல்லூரிப் பதிவேடுகள் காத்துக்கொண்டன. தமிழுலகம் அவரைப் புதுமைப்பித்தன் என்றே அறிந்தது.

பாடநூல்கள் அவரைச் சமுதாயக் கொடுமைகளைச் சாடிய எழுத்தாளர் என்று அறிமுகம் செய்கின்றன. ‘பொன்னகரம்’, ‘துன்பக்கேணி’ ஆகிய கதைகளை நினைந்தால் அவ்வறிமுகம் பொய்யன்று, முழுமையும் அன்று. பேய், கொலை, துப்பறிவு, கடலடியில் மறைந்த நகரம் என, இலக்கியவாணர் தீண்டத் தயங்கிய பொருள்களையும் அவர் பேனா தொட்டது. அக்கதைகளைப் பற்றிப் பேசும்போது நம்முள் பலர் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். பெரிய எழுத்தாளர் ஒருவரின் சிறிய பலவீனம் என்று மன்னித்து விடுகிறோம். கதையை அதன் வகை கொண்டே தள்ளிவிடலாமா என்ற வினா நம் வட்டத்திலும் ஒருமுறைக்கு மேல் எழுந்ததுண்டு. அவ்வினாவை மனத்திற்கொண்டு அவர் வாழ்வை நோக்குவதே இக்கட்டுரை.

தந்தையார் சொக்கலிங்கம் பிள்ளை அரசுப் பணியாளர், தாசில்தாராக இருந்தவர். பணி மாற்றங்களுக்கேற்பக் குடும்பமும் ஊர் மாறியது. செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என்று தொடக்கக் கல்வி சிதறியது. தாயார் பர்வதம்மாளை எட்டாம் வயதில் இழந்த சிறுவனுக்குச் சிற்றன்னையின் அன்பு வாய்க்கவில்லை. 1918இல் தந்தையார் ஓய்வு பெற்றதும் குடும்பம் சொந்த மண்ணாகிய திருநெல்வேலிக்குத் திரும்பிற்று. அங்கே இந்துக் கல்லூரியில் பயின்று 1931இல் பி.ஏ. பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே கமலா அம்மையாரை மணந்தார். பிற்காலத்தில் அம்மையாரும் சிறுகதை எழுதினார் என்பது பலர் மறந்த செய்தி.

அவர் வளர்ந்த காலத்தில் தமிழ் வாசகரின் கையில் இருந்த நூல்கள் எவை? ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கிலப் புதினங்களைத் தமிழ் உடையில் நடமாட விட்டுக்கொண்டிருந்தார். ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ வாயிலாகத் துப்பறியும் கோவிந்தன் வீடுதோறும் அறிமுகமாகியிருந்தான். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் மர்மங்களை அவிழ்த்துக்கொண்டிருந்தார். (துரைசாமி ஐயங்காரும் தாசில்தார் பதவியிலிருந்து விலகி எழுத வந்தவரே, வருவாய்த்துறைக்கும் கதைக்கும் ஏதோ ஒரு தொடர்பு இருந்திருக்க வேண்டும்!) வை.மு. கோதைநாயகி அம்மையாரின் ‘ஜகன்மோகினி’ 1925 முதல் பெண்களைப் பெருந்தொகையில் வாசகராக்கியது. இவர்களை இலக்கிய வரலாற்று நூல்கள் ஒரு பத்தியில் முடித்துவிடுகின்றன. எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்ற பெண்கள் நாள்தோறும் படிக்கும் பழக்கத்திற்கு வந்தது இவர்களால்தான் என்பதை ஒரு பெண் என்ற முறையில் நான் மறக்க இயலாது.

1933இல் ‘காந்தி’ இதழில் எழுதத் தொடங்கிய விருத்தாசலம், மறு ஆண்டு ‘மணிக்கொடி’யில் அடியெடுத்து வைத்தார். காரைக்குடியில் ‘ஊழிய’னில் சிறிது காலம், பின்பு சென்னையில் ‘மணிக்கொடி’, அதன்பின் டி.எஸ். சொக்கலிங்கம் ஆசிரியராயிருந்த ‘தினமணி’ என்று இதழியலே பிழைப்பாயிற்று. மணிக்கொடிக் குழுவினர் பொழுதுபோக்குக் கதைகளின்மேல் கொண்டிருந்த வெறுப்பு வெளிப்படையானது. அக்குழுவின் மிகக் கூரிய பேனாவோ, எள்ளி நகையாடப்பட்ட வகைகளையே எடுத்து ஆண்டு பார்த்தது.

எல்லாம் வெற்றி பெறவில்லை. ‘டாக்டர் சம்பத்’ என்ற துப்பறியும் கதையை அவர் பெயர் இல்லாமல் தந்தால் எவரும் இரண்டாம் முறை படிக்க மாட்டார். முடிச்சு இருக்கிறது, அவிழ்ப்பும் இருக்கிறது, மனிதர் இல்லை. துப்பறியும் கதை அவருக்குக் கைவரவில்லை என்றே சொல்லவேண்டும். விடை கண்டு மனம் அமைதியுறும் வகை அது. விடை கிடைத்த பின்னும் அமைதி கொள்ளாதது அவர் மனம்.

இதனினும் இக்கட்டான செய்தி ஒன்றுண்டு. பிறமொழிக் கதையைத் தமிழ்ப் பெயரிட்டுத் தழுவி எழுதுவதை அவர் கடுமையாக எதிர்த்தார். கல்கியோடு அவர் தொடுத்த போரில் இதுவே முதன்மைக் குற்றச்சாட்டு. மூல ஆசிரியரின் பெயரோடு மொழிபெயர்ப்பதே நேர்மை என்பது அவர் கட்சி. ஆயினும் தொடக்க காலத்தில் அவர் எழுதிய ‘கொலைகாரன் கை’, ‘பயம்’ முதலிய சில, பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானின் கதைகளைத் தழுவியவை. தலைப்புகளே காட்டுவதுபோல் அவற்றுள் அச்சக்கதைகளும் உண்டு. அத்தகையவற்றிற் பெரும்பாலானவற்றைத் தம் வாழ்நாளில் வந்த தொகுப்புகளில் அவர் சேர்க்கவில்லை. அவர் மறைவுக்குப் பின் 1953இல் வெளியான ‘புதிய ஒளி’யில் அவை இடம்பெற்றன. இதனை மூடி மறைப்பதால் அவர் புகழ் வளராது. திகில் என்னும் கருவியை அவர் அயலார் பட்டறையில்தான் முதலிற் கையாளப் பழகினார் என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. பின்னர் மேரி ஷெல்லியின் புகழ்பெற்ற அச்சப் புதினமாகிய ‘பிராங்கன்ஸ்டைன்’ கதையை ‘பிரேத மனிதன்’ என்று தமிழாக்கியபோது மூல ஆசிரியை யார் என்பது வாசகருக்குத் தெரிந்தே இருந்தது.

பழகிய கை படைத்தது ‘காஞ்சனை’. 1943இல் ‘கலைமகள்’ இதழில் வெளிவந்து, அவ்வாண்டே ஒரு தொகுப்புக்கும் பெயராயிற்று. கதை சொல்பவன் ஓர் எழுத்தாளன். வாயிலில் வந்து நின்ற பிச்சைக்காரியை அவன் மனைவி இரக்கப்பட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அன்று முதல் வீட்டில் இனம்புரியாத மணமும் வாடையும் மாறிமாறி வீசுகின்றன. இரவில் உறக்கம் கலைகிறது. உறங்கும் மனைவியின் கழுத்தில் குருதி. நள்ளிரவில் தெருவழியே வந்தவன் சாம்பல் தந்து செல்கிறான். காஞ்சனை யார் என்பது இறுதிவரை உறுதிப்படுவதில்லை.

வகுப்பில் இக்கதையை நடத்தும்போதெல்லாம் மாணவர் இரண்டு அணியாகப் பிரிவர். அவள் பேயே என்பர் சிலர்; எழுத்தாளனின் மனமயக்கம் என்பர் மற்றவர். இரு தரப்பார்க்கும் கதையிலேயே சான்று கிடைக்கும். மாணவியர் சிலர் வேறொன்றைக் கேட்பதுண்டு: கழுத்திற் காயம் பட்டவளின் கதையை ஏன் கணவனே சொல்கிறான்? அவள் என்ன கண்டாள்? அவள் அஞ்சினாளா? பேய்க்கதை என்று ஒதுக்கியவர் எவருக்கும் தோன்றாத வினா இது. வீட்டைத் தாங்கும் பெண்ணின் மனம், அதே வீட்டில் அமர்ந்து எழுதும் ஆணுக்கு எவ்வளவு இருண்ட அறை என்பதைச் சொல்ல, எதார்த்தக் கதையைவிடப் பேய்க்கதையே அவருக்கு உதவிற்று என்பது என் துணிபு.

இவ்விடத்தில் கவிஞர்கள் தம் முன்னோரை நினைத்துப் பார்க்கலாம். காரைக்காலம்மையார் தம்மைப் பேயென்றே கூறிக்கொண்டார். கலிங்கத்துப்பரணியில் பேய்கள் கூழ் சமைத்து உண்கின்றன. போர்க்கள நிகழ்ச்சிகளைக் கூறுவதும் ஒரு கூளியே. மணிமேகலையில் சார்ங்கலன் என்னும் இளைஞன் சக்கரவாளக் கோட்டத்துச் சுடுகாட்டில் பேயின் ஆட்டம் கண்டு அஞ்சியே உயிர்விடுகிறான். இவற்றைத் தேர்வுக்குரிய பாடமாக வைத்துவிட்டு, ‘பிரம்ம ராக்ஷஸ்’ முதலியவற்றைப் பொழுதுபோக்கு என்று தள்ளுவது முறையாகாது. அச்சத்தையும் மெய்ப்பாடு எட்டனுள் ஒன்றாக வைத்தவர் தொல்காப்பியர். கடல்கொண்ட பழந்தமிழ் நகரைக் கனவுபோற் காட்டும் ‘கபாடபுரம்’ கதையும் இம்மரபிலேயே வைத்துப் படிக்கத்தக்கது.

சிதம்பரத்து அன்பர்கள் அவசியம் படிக்கவேண்டியது ‘சிற்பியின் நரகம்’. 1935ஆம் ஆண்டுக் கதை, காவிரிப்பூம்பட்டினத்தில் நிகழ்வது. முதிய சிற்பி ஒருவன் தன் வாழ்நாளெல்லாம் முயன்று ஆடவல்லானின் வடிவத்தை வார்க்கிறான். அது கோயிலில் எழுந்தருளுகிறது. பின்பு அவன் காணும் கனவில், கருவறையின் இருளுக்கு முன் கூட்டம் கூட்டமாக நிற்பவர் அனைவரும் வீடுபேற்றை வேண்டுகின்றனரேயன்றி, ஒருவரும் சிலையை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அச்சத்தை ஊட்டும் கனவு அது. பார்ப்பதற்கு முன்பே என்ன பெறவேண்டும் என்று முடிவு செய்து வந்தவர்களை அங்கே அவர் வரைந்து காட்டினார். துப்பறியும் கதை என்றால் விறுவிறுப்பு, காதற்கதை என்றால் கண்ணீர், இலக்கியம் என்றால் சமுதாயச் சிந்தனை என்று கேட்டு நிற்கும் வாசகர் எல்லாரும் அக்கூட்டத்தில் இருக்கிறோம். நம் காலத்தில் ராஜேஷ்குமாரின் மாத நாவலை இரயிலில் படித்து முடிப்பவரையும் ரமணிசந்திரனின் காதற்கதைக்கு நூலகத்தில் முறை காத்திருப்பவரையும் நோக்கிப் புன்னகைக்கும் நாம், அக்கூட்டத்திற்கு வெளியே நிற்பதாக எண்ணிக்கொள்கிறோம்.

1943இல் சொக்கலிங்கம் ‘தினமணி’யை விட்டு விலகியபோது புதுமைப்பித்தனும் உடன் விலகினார். ‘தினசரி’யிற் சில காலம் இருந்தபின் திரைப்படத் துறை அவரை அழைத்தது. ‘ஔவையார்’, ‘காமவல்லி’ ஆகிய படங்களுக்கு எழுதினார். சொந்தமாகப் படநிறுவனம் தொடங்கிய முயற்சி பொருளிழப்பில் முடிந்தது. 1946இல் மகள் தினகரி பிறந்தாள். எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘ராஜமுக்தி’ படத்திற்காகப் பூனா சென்றவர் காசநோயோடு திரும்பினார். 1948ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருவனந்தபுரத்தில் அவர் வாழ்வு முடிந்தது. அகவை நாற்பத்திரண்டு.

நண்பர் தொ.மு.சி. ரகுநாதன் 1951இல் அவர் வரலாற்றை எழுதினார். தழுவல் பற்றிய குற்றச்சாட்டுகளுக்கு விடையாக 1999இல் தனிநூலே வெளியிட்டார். ஆ.இரா. வேங்கடாசலபதி மூல இதழ்களோடு ஒப்பிட்டுத் திருத்தமாகப் பதிப்பித்த முழுத் தொகுதி 2000இல் வந்தது. 2002இல் தமிழக அரசு அவர் எழுத்துகளை நாட்டுடைமையாக்கியது. ஆகவே ‘காஞ்சனை’ இப்போது எல்லாருக்கும் உரிய சொத்து. அடுத்த மாதக் கூட்டத்தில் யாரேனும் உரக்கப் படிக்க முன்வந்தால், மனைவியின் பகுதிகளைச் சற்று நிறுத்திப் படிக்குமாறு மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.